எதிர்வீட்டில் வைத்த பை

குளிர்காலத்தில் இங்கே திங்கட்கிழமை வேலைக்குப் போனால், யாராவது ஒருவர் முகமெல்லாம் சிவந்து, மூக்குத்தோல் உரிந்து வந்து நிற்பார். நமக்கு ஐயோ பாவம், என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். இவர்களோ சுற்றிக் கூடி, "எந்தத் தீவு?" என்று பொறாமையோடு விசாரிப்பார்கள். டொரண்டோவில் பனி கொட்டும் மாதங்களில் கரீபியன் தீவுகளுக்குப் பறந்துபோய், ஒரு வாரம் வெயிலில் காய்ந்துவிட்டு வருவது வழக்கம். உத்திரமேரூரில் சித்திரை வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். வெயிலைத் தேடிக்கூடவா விமானம் ஏறுவார்கள் என்று பல வருடம் சிரித்திருக்கிறேன். போன மாதம் நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்படோஸுக்கு டிக்கெட் தேடினேன்.

காரணம் என் மனைவி மலர். போன வருடம் அவளுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் மருந்து. கொட்டிய முடி இப்போதுதான் அரை விரல் அளவுக்கு முளைத்திருக்கிறது. மருந்து முடிந்த அன்று, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றேன். "வெயில்ல உக்காரணுங்க" என்றாள். "அதுக்கென்ன, ஊருக்கே போயிடலாம்" என்றேன். "ஊர்ல எல்லாரும் என் தலையத்தான் பாப்பாங்க. எந்தக் கோயில்ல மொட்ட போட்டேன்னு கேப்பாங்க. என்னை யாருக்கும் தெரியாத வெயில் வேணும்." நோய் வந்ததிலிருந்து நாளைக்கு, அடுத்த மாதம் என்றெல்லாம் பேசுவதையே அவள் விட்டிருந்தாள். வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

என்னோடு கிடங்கில் வேலை செய்யும் டேவ், டிக்கெட்டை நாள் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றான். செவ்வாய்க்கிழமை உத்தமமாம், ஞாயிறு ஆகவே ஆகாதாம். ஒரே விமானத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் விலை ஏறிவிடுமாம். கண் படுவது என்று நாம் சொல்வதை இவர்கள் வேறு பேரில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நானும் நல்ல பிள்ளையாகச் செவ்வாய் வரைக்கும் காத்திருந்து, இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை கிளம்பும் விமானத்தில் இரண்டு இடம் வாங்கிவிட்டு, அம்மாவுக்கு வீடியோவில் போன் போட்டேன்.

"எந்தப் பக்கம்டா கீது அந்தத் தீவு?"

"தெக்கேம்மா."

"இன்னா கெயம கெளம்புறீங்க?"

"வியாழன்."

"ஐயையோ! வியாயக்கெயம தெக்கே சூலம்டா! ஒடம்பு தேறுன பொண்ண இட்டுக்கினு போற, வேற நாளா மாத்து."

"மாத்த முடியாதும்மா. உன் சூலத்தையெல்லாம் உத்திரமேரூரோட வெச்சிக்கோ!" என்று கத்திவிட்டேன். பின்னால் நின்ற மலரின் முகம் வெளுத்துவிட்டது. போனை வைத்ததும், "நான் வரலைங்க" என்றாள்.

அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நான் முதல்முதலில் கனடாவுக்குக் கிளம்பிய நாளும் ஆகாத நாள்தான். அதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முந்தின நாளே நல்ல நேரத்தில் ஒரு பையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அம்மா ஒரு சட்டையும் வேட்டியும் வைத்த மஞ்சள் பையை எதிர்வீட்டு ராணி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் வேன் வந்தது. அழுகை, திருநீறு, பாஸ்போர்ட் எங்கே என்று ஒரே களேபரம். செங்கல்பட்டு தாண்டியதும் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பைய வுட்டுட்டு வந்துட்டோமே!" முன்சீட்டிலிருந்து அப்பா, "பாதி வயில திரும்பக் கூடாது, வுடு" என்றார். அந்தக் குளிர்காலத்திலேயே அப்பா இறந்துபோனார். என் விசா விவகாரம் முடியாததால் போக முடியவில்லை. பாடை சுமக்கும் நான்கு தோளில் ஒன்றாக நிற்க வேண்டியவன், போனில் பறைச்சத்தம் கேட்டேன். பிறகு ஊருக்கே போகாமல் இங்கேயே கல்யாணம், மலருக்கு நோய். எல்லாவற்றுக்கும் அம்மா அந்தப் பையைத்தான் காரணம் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலர் அதை நம்பிவிட்டாள்.

மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். "நீ என்னத் திட்டுனாலும் பரவால்ல. மலருகிட்ட போனக் குடு." மலரிடம் மட்டும் குரல் இறங்கியது. "பயப்படாதம்மா. புதங்கெயம காலைல எதிர் வூட்டுல ஒரு பைய வெச்சிடு. இந்த வாட்டி மறக்காம எடுத்துக்கினு போங்க. உனக்கு ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன்." மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க அத்த" என்றாள்.

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீடு என்றால் கேரி. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இத்தனை வருடத்தில் குட் மார்னிங்குக்கு மேல் பேசியதில்லை. புதன் காலையில் பையோடு போய் நின்று, நாளை வரைக்கும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"உள்ளே என்ன?"

"துணிதான்."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "உங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சியா?"

மானம் போயிற்று. இல்லை, இது எங்கள் வழக்கம் என்று நான் உளறிக்கொண்டிருக்கும்போதே, மலர் தலையில் துணிகூடக் கட்டாமல் வெளியே வந்தாள். கேரி அந்தத் தலையைப் பார்த்தார். சட்டென்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "மறுபடியும் ஆஸ்பத்திரிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நோ" என்றாள் மலர். "பார்படோஸ்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

வியாழன் அதிகாலை நாங்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே கேரி பையோடு வெளியே நின்றார். எதற்கென்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. விமான நிலையத்தில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். "பைய எடுத்துக்கினீங்களா?" மலர் மடியிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினாள். அம்மாவின் முகம் தெளிந்தது. எனக்கு என்னவோ கேட்கத் தோன்றியது. "அந்த மஞ்சப்பை இன்னாம்மா ஆச்சி?"

"ராணி வூட்டு ஆணியிலதான் தொங்கிக்கினு கீது. சொவுத்துக்கு வெள்ள அடிச்சப்பக்கூட கயட்டி திரும்ப அங்கியே மாட்டுனா. நான் எப்டிடா எடுக்கறது? உன் பயணம். நீதான் வந்து எடுக்கணும்."

விமானம் மேலே எழும்பி, பனி மூடிய ஊர் கீழே மறைந்தது. மலர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அடுத்து ஊருக்குப் போயி அந்தப் பைய எடுத்துக்கினு வந்துடலாங்க. அதுக்குள்ள எனக்கு முடி வளந்துடும்."

அடுத்து என்கிறாள்! அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஒரு வருடம் தவம் கிடந்தேன். சரி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளே ஒரு பயம் கிடந்து அடித்துக்கொண்டது. அந்த மஞ்சள் பை ஆணியில் தொங்குகிற வரைக்கும் நான் ஊரைவிட்டு இன்னும் முழுதாகக் கிளம்பவில்லை. போய் எடுத்துவிட்டால், ஒரேயடியாகக் கிளம்பினவனாகிவிடுவேன்.