தறிச் சத்தத்துக்கு ஊட்டிய சூப்

ஆரணியில் என் பக்கத்து வீட்டுச் சுகன்யா, வீட்டில் எல்லாருக்கும் ஒரே பானையில் பருப்பும் பறங்கியும் போட்டு சூப் வைப்பாள். உப்பும் மிளகும் போடுமுன் ஏழு மாத மகனுக்குத் தனியே எடுத்து மசிப்பாள். அப்பன் கமலக்கண்ணன் தறி அடிக்கும் சத்தத்துக்குத்தான் பிள்ளை வாய் திறப்பான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாய்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் காய்ச்சல் வந்து கமலக்கண்ணன் போய்விட்டான். தறி நின்றதும் பிள்ளை சூப்பைத் தொடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "வேற யாரையாவது தறியில ஒக்கார வையேன்" என்றேன். முறைத்தாள்.

மறுநாள் காலை தறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊட்டினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு சத்தமில்லை. பிள்ளை எங்கள் தோளுக்கு மேலே தறியைப் பார்த்தான். வாய் திறந்தான், மூடினான், திறந்தான். தறி அடித்த அதே தாளம். நான் தறிப் பக்கம் தலையைத் திருப்பப் போனேன்.

"பாக்காதீங்கக்கா" என்றாள் சுகன்யா. "சாப்ட்டுகினு இருக்கான்."