அக்கா கட்டிக்கொண்ட பல் செட்

போன வியாழக்கிழமை காலையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி டைம் ஆபீஸில் போன் அடித்தது. எடுத்தேன். பெங்களூரிலிருந்து ஒரு பெண் குரல். கன்னடம். பல் கிளினிக்கிலிருந்து பேசுவதாகச் சொன்னது; அங்கே என் ஆபீஸ் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். சூளகிரி சரோஜம்மாவுக்குக் கட்டிய மேல் செட்டை டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். ஏன் அப்புறம் அவர் வரவே இல்லை?

அவர் இல்லை என்றேன்.

சரி, ஊரிலிருந்து எப்போது திரும்பி வருவார் என்று கேட்டது குரல்.

'இல்லை' என்ற சொல்லில் கன்னடத்திலும் இதே தொல்லைதான். விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு மெதுவாக ஒரு 'ஸாரி சார்'. வைத்துவிட்டார்கள்.

சரோஜா என் அக்கா. ஓசூர் மார்க்கெட்டில் கொத்தமல்லி, புதினா விற்றவள். தமிழில் விலை சொல்வாள், தெலுங்கில் பேரம் பேசுவாள், சண்டை என்று வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவாள். ஏன் என்று கேட்டால், அதில்தான் வாய் நன்றாக வருகிறது என்பாள். வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, சூளகிரியில் இருந்த கொஞ்சம் நிலத்தையும் இந்த வாயையும் வைத்துத்தான் மகன் தனசேகரை வளர்த்தாள். மண்டிக்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் — யாராக இருந்தாலும் அவளே நேரில் போய்ப் பேசுவாள். எங்களைக் கூப்பிட்டதே இல்லை.

அந்த வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் இருந்தன. விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்குத் தூக்கத்தையும் பசியையும் தள்ளிப்போட வேறென்ன இருக்கிறது? பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. ஆடுவதைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். பல் இல்லாமல் எப்படிச் சாப்பிட்டாள் என்கிறீர்களா? எங்கள் பக்கத்துச் சாப்பாடு கேழ்வரகுக் களி. அதை யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்குவதுதான். அதனால் அக்கா வாயில் பாதிப் பல் இல்லை என்பது வீட்டில் யார் கண்ணிலும் பெரிதாகப் படவே இல்லை.

தனாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை பர்மனென்ட் ஆனது. எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறெதற்கும் கிடையாது. வாடகைக்கு வீடு கொடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள். அவனுக்கு முதலில் தோன்றியது அம்மாவின் பல். தன் வேலையைப் போலவே அம்மாவுக்கும் 'பர்மனென்ட் பல்' கட்ட வேண்டும் என்றான். பெண் பார்க்க ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேறு. அக்கா சிரித்தாள் — கையால் வாயை மூடிக்கொண்டு. அவளுக்கு அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஜூஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர். பல் டாக்டர் ஒரு பெண்மணி. பொறுமைசாலி. மேஜையின் மேல் மூன்று மாதிரிகளை எடுத்து வைத்து விளக்கினார்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த பல் செட். மாட்டலாம், கழற்றலாம். சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஆடும், மெல்லும்போது நழுவும். இரண்டாவது, தாடை எலும்பில் ஒன்றிரண்டு ஸ்குரூ இறக்கி, அதன்மேல் செட்டை பட்டன் போல அழுத்தி மாட்டுவது. இதுவும் கழற்றுவதுதான், ஆனால் பிடிப்பு அதிகம். மூன்றாவது, நிறைய ஸ்குரூ வைத்து மொத்த வரிசையையும் எலும்போடு சேர்த்து முடுக்கிவிடுவது. கழற்றவே வேண்டாம். எலும்பு ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளப் பல மாதம் காத்திருக்க வேண்டும். எலும்பும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். இங்கே இதைச் செய்ய ஆரம்பித்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது, அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள் என்றும் சொன்னார்.

தனா மூன்றாவதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்குரூ, முடுக்குவது, டைட் — எல்லாம் அவன் தினமும் புழங்குகிற சமாச்சாரம். அக்காவோ முதல் மாதிரியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மார்க்கெட்டில் பூசணிக்காயைப் பார்ப்பதுபோல.

எதுவாக இருந்தாலும் முதலில் வாயைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். பேசிக்கொண்டே பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். கையுறை போட்ட விரலால் இடது கன்னத்தின் உட்புறத்தை, அதை ஒட்டிய ஈறை, தாடைக்குக் கீழே கழுத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். இந்தப் புண் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். உடைந்த பல் குத்திக் குத்தி வந்த புண், ஒரு வருஷம் இருக்கும், வலியே இல்லை என்றாள் அக்கா. வலி இல்லை என்பதை நல்ல செய்தி போலச் சொன்னாள்.

டாக்டர் மூன்று மாதிரிகளையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கும் அது வேண்டாம். மிச்சம் இருந்த பற்களை எல்லாம் எடுத்தார்கள். இடது கீழ்த்தாடையில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. அக்காவின் முகம் ஒருபக்கம் குழிந்துபோனது. எச்சில் வற்றிவிட்டது. வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. களியைக்கூடக் கரைத்துத்தான் குடித்தாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவள் பேச்சு யாருக்கும் புரியவில்லை. அவள் ஏதாவது சொன்னால் எதிரில் நிற்பவர் அவளைப் பார்க்காமல் தனாவைப் பார்த்து, என்ன சொல்றாங்க என்று கேட்பார். மளிகைக் கடையில், ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர் வீட்டில். அக்கா மறுபடி சொல்லிப் பார்ப்பாள். அப்புறம் விட்டுவிடுவாள். பேசிப் பேசியே பிழைத்தவள் நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமலே இருங்கள்.

நோய் அடங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பல மாதங்கள் கழித்து, அந்த டாக்டர்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, பல் டாக்டரிடம் திரும்பப் போனோம். இப்போது அலமாரியிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் வெளியே வந்தது. கீழே எதுவும் நிற்காது, எலும்பே முழுசாக இல்லை என்றார் டாக்டர். மேலே மட்டும் ஒரு லேசான செட் செய்து தரலாம். மெல்லுவதற்கு ஆகாது. உதடு உள்ளே போகாமல் முகம் கொஞ்சம் நேராகும், பேச்சு கொஞ்சம் தெளியும். ஆனால் எச்சில் இல்லாத வாய், உரசும், வலிக்கும். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அதிலும் தப்பில்லை.

தனா விடவில்லை. ஸ்குரூ போட முடியாதா, வேறு ஊரில் போடுகிறார்களாமே என்று கேட்டான். கரண்ட் வைத்த எலும்பில் துளை போட்டால் ஆறாமல் அழுகிவிடக்கூடும், நான் அதைச் செய்ய மாட்டேன் என்றார் டாக்டர். சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் தேடி வந்திருந்தது. அம்மாவின் முகத்தை வைத்து அவர்கள் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்ற கவலை அவனுக்கு. கல்யாணத் தரகரும் சொல்லியிருந்தார் — பல் வலியில் வீங்கி, சின்ன ஆபரேஷன் ஆனது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று.

அக்கா அவன் கையைத் தட்டி நிறுத்தினாள். டாக்டரைப் பார்த்துக் கன்னடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். டாக்டருக்குப் புரிய இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. தனக்கு மெல்ல வேண்டியதில்லை, பேசினால் போதும், மேல் செட்டைச் செய்து கொடுங்கள் என்றாள்.

செட் வந்தது. வைத்த முதல் நாளே ஈறு புண்ணாகிவிட்டது. டாக்டர் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தார். அக்கா தக்காளித் தோட்டத்தில் தனியாக நின்று பேசிப் பழகினாள். பக்கத்து வயல்காரர் என்னிடம் வந்து, அக்காவுக்கு மனசு சரியில்லையோ என்று விசாரித்தார். தண்ணீரை ஒரு மிடறு, பேச்சு ஒரு வரி, மறுபடி தண்ணீர் என்று இருக்கிறாள் என்றார்.

சிங்காரப்பேட்டைக்குப் போனோம். நல்ல குடும்பம், விவசாயம். பெண்ணும் பார்க்க லட்சணம். காபி வந்தது. அக்கா வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். தனாவின் சம்பளம், ஷிப்டு, கேன்டீன் எல்லாம் பேசி முடித்தார்கள். தரகர் தட்டு மாற்ற நாள் பார்க்கலாமா என்று ஆரம்பித்தபோது அக்கா செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பெண்ணின் அம்மாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கு வாயில புத்து இருந்துச்சிம்மா. தாடைய அறுத்து எடுத்துட்டாங்க, கரண்டு வெச்சாங்க. இப்ப இல்லன்றாங்க. திரும்பி வராதுன்னு யாரும் சொல்லல."

தரகர் தரையைப் பார்த்தார். 'புத்து' என்பது தெளிவாக வரவில்லையோ என்று நினைத்தாள்போல. அந்த வார்த்தையை மட்டும் இன்னொரு முறை சொன்னாள். பிறகு தொடர்ந்தாள்.

"உம்பொண்ணு வந்தா நாளைக்கி என்ன தூக்கி உக்கார வெக்க வேண்டி வரும். தெரிஞ்சி வரட்டும். இத நான்தான் சொல்லணும், அதுக்குத்தான் இந்தப் பல்லக் கட்டிக்கினு வந்தேன்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நாங்கள் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண்ணின் அம்மா, அது ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டார். இல்லை என்றாள். பரம்பரையாக வருமா என்று கேட்டார். தெரியவில்லை, என் ஆத்தாவுக்கு இல்லை என்றாள். பெண்ணின் அப்பா எழுந்து, கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். வாசல் வரை வந்து மரியாதையாகத்தான் வழியனுப்பினார். பதில் மறுநாளே தரகர் மூலம் வந்துவிட்டது. நீங்கள் ஊகித்த பதில்தான்.

அன்று திரும்பும் வழியில் தனா கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கேட்டான்.

"இதுக்குத்தானாம்மா பல்லு கட்டி உட்டேன்?"

அக்கா திரும்பி நின்று செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. தனாவும் அதைப் பார்த்தான். ஆனாலும் வெகு நாள் அவன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல்தான் சோறு கரைத்துக் கொடுத்தான், பேசாமல்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

நோய் கழுத்தில் திரும்பி வந்தது. இந்த முறை அறுக்கவில்லை. வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கடைசி வாரங்களில் தனா லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான். இப்போது அவன் பேசினான் — ஷிப்டில் நடந்தது, தக்காளி விலை, யார் யார் வந்து விசாரித்தார்கள் என்று வாய் ஓயாமல். பேச முடியாமல் படுத்திருந்தது அவள். சில சமயம் அவன் கையைப் பிடித்து அழுத்துவாள். போதும் என்கிறாளா, இன்னும் சொல் என்கிறாளா — அது அவனுக்குத்தான் தெரியும்.

அவள் போன அன்று, குளிப்பாட்டிய பெண்கள் வந்து செட்டை வாயில் வைக்கலாமா, முகம் நன்றாக இருக்குமே என்று கேட்டார்கள். தனா யோசிக்கக்கூட இல்லை.

"வேணாம். அது அம்மாக்கு வலிக்கும்."

எந்தப் பல் நல்லது என்று இப்போது என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டாக்டர் காட்டிய மூன்றில் மிக மட்டமானதிலும் பாதிதான் அக்காவுக்குக் கிடைத்தது. அதை வைத்து ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட அவள் மென்றதில்லை. ஆனால் முழு வரிசையும் சொந்தமாக வைத்திருக்கிற நாம், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்? மென்று முழுங்குவதற்கு மட்டும்தான் நமக்குப் பல் சரியாக உதவுகிறது.

அம்மா போய் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பங்காளிகள் தனாவை நெருக்குகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பாகலூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். புதுத் தரகர். போகும் வழியிலேயே, அம்மா மாரடைப்பில் போனதாகச் சொல்லிவிடலாம் என்று எங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால், தனாவே ஆரம்பித்தான். அம்மாவுக்கு என்ன நோய், எங்கே வந்தது, எப்படிப் போனாள் — எல்லாவற்றையும் சொன்னான். ஒட்டுமா, பரம்பரையா என்று அவர்களும் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான்.

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

இதை எழுதும்வரை பதில் வரவில்லை. தனா யார் வீட்டு வாசலிலும் பல்லை இளித்துக்கொண்டு போய் நிற்கவும் இல்லை.