அப்பிள் தோல்

எங்கள் வெக்ஸ்போர்ட் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவலுக்கு இருந்த அண்ணை, பெரிய கோட்டுக்குள் தொலைந்துபோன ஒல்லி மனிதர். அப்பிளைச் சீவித் தின்றுவிட்டுத் தோலை ஒரு பையில் சேர்த்து வைப்பார்.

பனிக்காலம் முடிந்ததுமே, வரும் கார்த்திகையில் மான் வேட்டைக்குப் போக இடம் தேடி, வாசலிலேயே வரைபடத்தை விரித்திருந்தேன்.

"எங்க தம்பி பயணம்?"

"மான் பாக்க அண்ணை," என்றேன். வேட்டை என்று சொல்ல வாய் வரவில்லை.

தன் மகளின் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டைப் பேனையால் வட்டமிட்டுக் காட்டினார். "இந்தப் பனியில எலும்பும் தோலுமாப் போச்சுதுகள். நான் தீன் போட்டுத்தான் தப்பினதுகள். இப்ப ஆக்களைக் கண்டா ஓடாதுகள், கிட்ட வருங்கள்."

பையை என் கையில் வைத்தார். "போகேக்க அதுகளுக்குக் குடுங்கோ."

வாங்கிக்கொண்டேன். கார்த்திகை கழிந்தும் அது இன்னும் என் பிறீசரில், மான் இறைச்சிக்கென்று நான் ஒதுக்கிய தட்டில் கிடக்கிறது.