சுரைக்காய்க்கு வைத்த பொட்டு

சித்தியின் சுரைக்காயை நினைத்தால் இன்றும் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றவையெல்லாம் சற்றுப் பொறுத்தே வருகின்றன.

வெள்ளானூரில் சித்தி வீட்டு மாடித் தோட்டத்தில் காய்த்தது அது. பூந்தமல்லிக்கு அருகே ஒரு தாவரவியல் பூங்காவில், நம் மண்ணில் விளைவதை வளர்க்கவும் உண்ணவும் சொல்லும் விழா ஒன்று நடந்தது. வீட்டில் விளைந்த காய்களுக்குப் போட்டியும் உண்டென்று அறிந்து, சித்தப்பா பெயர் கொடுத்துவிட்டார். அடுத்த தெருவில் வசித்த, மூன்றாம் வகுப்பு படித்த நானோ, மேடையேறிப் பரிசு வாங்கப்போவது நான்தான் என்று பள்ளி முழுவதும் சொல்லி வைத்திருந்தேன்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை சித்திக்கு. சித்தியின் மடி சுரைக்காய்க்கு. எனக்கு நிற்க இடம். துண்டு சுற்றியிருந்த காயைப் பார்த்து நடத்துநர், "இன்னாம்மா, கொயந்தையா? மூஞ்ச மூடாத, மூச்சு முட்டப் போவுது" என்றார். பேருந்தே சிரித்தது. சித்தி மட்டும் துண்டைச் சற்றுத் தளர்த்தினாள்.

பூங்காவில் காயைப் புரட்டிப் பார்த்த நடுவர் அம்மையார் முகம் சுளித்தார். அதன் புடைப்பில் கறுப்பாக ஒரு வட்டம். "ஏதோ நோய்" என்று ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மையி வெச்சியா? சொரக்காய்க்கா?"

"தெருவு கண்ணு மொத்தமும் இதும்மேலதான் கீது. வெக்காம இன்னா பண்றது?"

"தொடச்சிக் காட்டித் தொல! இருக்கறதுலயே நம்மளுதுதான் பெருசு."

சித்தி முந்தானையைக் கையில் எடுத்தாள். அந்நேரம் ஒலிபெருக்கி முழங்கியது: முதற்பரிசு பெறும் காய் மேடையிலேயே நறுக்கப்படும், கூட்டு வைத்து எல்லோருக்கும் பரிமாறப்படும்.

சித்தியின் கை நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மேடம், அது நோய்தாங்க. உட்டுடுங்க" என்றாள்.

நான் ஓவென்று அழுதேன். திட்ட வாயெடுத்த சித்தப்பா, சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். யார் வீட்டுப் பூசணியோ பரிசு வாங்கியது. அந்தக் கூட்டைத் தின்னக்கூட நான் மறுத்துவிட்டேன்.

திரும்பும்போது காயைச் சித்தப்பா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஒரு சொரக்காய நறுக்குனா இன்னா சித்தி?" என்று வழிநெடுக நச்சரித்தேன். சித்தி துண்டைக் காயின்மேல் இழுத்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் வாங்கிய மைடப்பி ஒன்று அவர்கள் அலமாரியில் இருந்தது. அதைத் தொட்டு வைக்க அந்த வீட்டில் வேறு கன்னம் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.