புலியாணத்துக்கு மீன்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஆறுதலாக, மெல்ல மெல்ல எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

காலையில் வாழைச்சேனைத் தெருச் சந்தைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஹெல்கா அம்மா நின்றார். ஜெர்மனியிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர். தமிழ் படித்துக்கொண்டிருக்கிறார்.

மீன்காரனிடம், "தம்பி, புலியாணத்துக்கு நல்ல மீன் தாங்க" என்றார்.

அவர் கேட்டது புளியாணத்துக்கு. புளி விட்டுக் காய்ச்சும் எங்கள் ஊர் ஆணம், மீன் குழம்பு. நாக்கில் ள வரவில்லை, அவ்வளவுதான்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "புலிக்குக் காட்டுக்குத்தான் போகணும் மேடம்! இன்னொருக்காச் சொல்லுங்க" என்று போனை நீட்டிப் படம் பிடித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. இனி இவர் சந்தையில் தமிழ் பேச மாட்டார் என்றே நினைத்தேன்.

எனக்குப் பற்றி எரிந்தது. தலை நரைத்த பிறகு ஆனா ஆவன்னா படித்தவன் நான். என் முதல் எழுத்தைப் பார்த்து யாராவது இப்படிச் சிரித்திருந்தால் பென்சிலை எறிந்துவிட்டுப் போயிருப்பேன்.

"டேய், போனைக் கீழ வை! மனிசி உன்ட மொழியில கேக்கிறா, உனக்கு நக்கலா?" என்று கத்தினேன்.

அம்மா என் கையைப் பிடித்தார். "நில்லுங்க ஐயா, நான் கதைக்கிறன்."

பிறகு அவனையே விரலால் காட்டி, எங்கள் ஊர்ப் பேச்சுப்படி ஒரு 'கா'வும் சேர்த்து, "புலி இல்லாட்டிப் போகட்டும்கா. இந்தக் குரங்கு என்ன விலை?" என்றார்.

சந்தை முழுக்கச் சிரித்தது. போன் சட்டைப் பைக்குள் போனது. எனக்கு வந்த சந்தோசத்தில் நான் வாங்க வந்த மீனை மறந்துவிட்டேன்.

முதலில் சிரித்தவர்களில் சிலர் போனில் இந்தப் பதிவை வாசிப்பீர்கள். என் எழுத்திலும் ல, ள மாறியிருக்கும். சிரிப்பு வந்தால் கீழே பெயரைப் போட்டுச் சிரியுங்கள்.