வீட்டில் இருப்பதாகக் காட்டிய புள்ளி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. நம் அம்மன் கோயில் வெள்ளிக்கிழமை பூஜையில் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்கி வழிகிறவள் நான்தான். அம்மன் எனக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் சொல்ல நா எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயர் மணியம். பேருந்து ஓட்டியவர். இப்போது நடப்பார், தானே சாப்பிடுவார். ஆனால் பேச்சு போய்விட்டது. எழுத்தும் எண்களும் அவருக்குப் புரிவதில்லை. நாங்கள் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில், ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். நான் கடல் பாலம் கடந்து, அக்கரையில் புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். மதியம் பக்கத்து வீட்டு செல்வி அக்கா அவருக்குச் சோறு போட்டுக் கொடுப்பார்.

ஜொகூரில் வேலை செய்யும் எங்கள் மகள் கவிதா, அப்பா எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும் செயலியை எங்கள் மூவர் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்தாள். தேநீர் இடைவேளையில் தேநீர் குடிக்க மாட்டேன். புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு முறை அவர் கடலுக்குள் இருப்பதாகக் காட்டியது. அலறி அடித்துக்கொண்டு போன் செய்தால், செல்வி அக்காவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அவர் வீடு திரும்பிய பிறகும் புள்ளி பாசார் சந்தையிலேயே கிடந்தது. அதை நம்பவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தீபாவளி முடிந்த மறுவாரம், ஒரு புதன்கிழமை, செல்வி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தனம், அண்ணனைக் காணோம்லா. கதவு பூட்டிக் கெடக்கு. எங்கிட்ட இருக்கிற சாவியில தொறந்து பார்த்தேன். உள்ள யாரும் இல்ல. நீ வந்துரு."

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வாடகைக் காரில் ஏறினேன். பாலத்தின் மேல் வரும்போது விடாமல் புள்ளியைப் பார்த்தேன். வீட்டிலேயே இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். வந்து மெத்தையைப் புரட்டினேன், அலமாரியைக் கலைத்தேன். அவர் எண்ணுக்கு அடித்தால் எங்கோ மணி போகிறது, வீட்டுக்குள் சத்தமே இல்லை.

கீழே ஓடினேன். பாசார், பேருந்து நிறுத்தம், அவர் காப்பி குடிக்கும் கடை எல்லாம் பார்த்தாயிற்று. அக்கம்பக்கத்தார் மோட்டார் சைக்கிளில் கடற்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். கவிதா விடாமல் அழைத்தாள்.

"அம்மா, அப்பா வீட்டுலதான் இருக்காரு. புள்ளி அசையவே இல்லம்மா."

"வீட்டுல நான் நிக்கிறேன்டி! உங்க அப்பா இல்ல. அந்தப் புள்ளியக் கொண்டுபோய்க் கடல்ல போடு!"

அவள் அழுதாள். நான் வைத்துவிட்டேன்.

போலீசுக்குப் போக அவருடைய அடையாள அட்டை வேண்டும். எடுக்க மேலே வந்தவள் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். வாயில் ஒரு மந்திரமும் வரவில்லை. வேண்டுதல் வைக்கக்கூடத் தெம்பு இல்லை. "தாயே, என்னால முடியல. எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. நீயே கூட்டிட்டுப் போ" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

லிஃப்டுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தேன். எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அந்த நினைவே எனக்கு இல்லை. கதவு மூடியது. கீழே போக வேண்டியது மேலே போனது. மேலே யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பதினான்காவது மாடியில் கதவு திறந்தது. குப்பைப் பையோடு ஒரு சீனப் பெரியவர் நின்றார். அவர் உள்ளே வர ஒதுங்கினேன். அப்போது நடைபாதையின் கோடியிலிருந்து அம்மன் பாட்டு கேட்டது. என் கணவரின் கைப்பேசி மணி. ஜொகூரில் இருந்து என் மகள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். எங்கள் வீடு இருக்கும் அதே மூலையில் அதே நிறக் கதவு. ஆள் குடியில்லாத வீடு. பக்கத்துப் படிக்கட்டில், இறங்கப் பார்த்துக் கால் பிசகிக் கணுக்கால் வீங்கி, சட்டையெல்லாம் வியர்வையாக உட்கார்ந்திருந்தார். கையில் வீட்டுச் சாவி. பூட்டைச் சுற்றிக் கதவெல்லாம் கீறல்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு வந்தது கோபம். கதவைக் காட்டினார், சாவியைக் காட்டினார், என்னைக் காட்டினார். பிறகு குழந்தைபோல அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. லிஃப்ட் நின்ற மாடியில் இறங்கி, அதுதான் நம் வீடு என்று சாவி போட்டுப் பார்த்திருக்கிறார். நான் பூட்டை மாற்றி அவரை வெளியே தள்ளிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

"இல்லங்க. நான் ஒங்கள விட்டுட்டுப் போவேனா?" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். என் சோர்வு என் முகத்தில் எப்படித் தெரிந்திருந்தால் அவர் அப்படி நினைத்திருப்பார்!

மருத்துவமனையில் கட்டுப் போட்டு, தண்ணீர்ச்சத்து ஏற்றி அனுப்பினார்கள். கவிதா சொன்னாள்: "அது எந்த பில்டிங்னு காட்டும்மா. எத்தனாவது மாடின்னு காட்டாது." அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் செயலியைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அதுவும் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது.

அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாகப் போனேன். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லார் வீட்டிலும் அவரை அறிமுகப்படுத்தினேன். இப்போது அவர் வழி தவறினால் யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். செயலியை வைத்திருக்கிறேன். ஆனால் இடைவேளையில் தேநீர் குடிக்கிறேன். வேலை முடிந்து வந்ததும், சமையலுக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். களைப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தனியாகச் சுமக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

நோயாளியை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் அக்கா, தங்கச்சி, அண்ணன் யாராக இருந்தாலும் சொல்கிறேன். வேண்டுவதற்கு வார்த்தை வரவில்லை என்றால் பரவாயில்லை. குளிக்க நேரமில்லை, விளக்கேற்ற நேரமில்லை என்று தள்ளி நிற்காதீர்கள். வேலைச் சட்டையோடு போய் அவள் முன்னால் நில்லுங்கள். முடியவில்லை என்று சொல்லுங்கள். அவள் கேட்பாள்.