விலாசம் இல்லாத வாசகர்கள்

போன புதன்கிழமை மயிலாப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கம்ப்யூட்டரால் நான் அழுவது புதிதில்லை. கரண்ட் போய், பாதி எழுதிய கட்டுரை காணாமல்போன கதையை இதே பக்கத்தில் புலம்பியிருக்கிறேன். இது வேறு ரகம். இந்தத் தடவை கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு தனியார் நூலகம் இருக்கிறது. அதன் கமிட்டியில் நானும் பெயருக்கு ஓர் உறுப்பினர். யார், எந்தப் புத்தகத்தை, என்றைக்கு எடுத்துப்போனார்கள், என்றைக்குத் திருப்பினார்கள் – அறுபது வருஷமாக எல்லாவற்றையும் பெயர், விலாசத்தோடு லெட்ஜர்களில் எழுதி வைத்திருந்தார்கள். கறையான் வந்தது. கமிட்டி கூடியது. அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று தீர்மானம் போட்டோம். 'மயிலாப்பூர் அடுத்த நூற்றாண்டுக்கு ரெடி!' என்று நான் இங்கே மார்தட்டியதுகூட ஞாபகம் இருக்கலாம். தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

டைப் அடிக்க இரண்டு பேரைப் போட்டோம். தமிழ் ஃபான்ட் தகராறு வேண்டாமென்று எல்லாம் ஆங்கில எழுத்தில். மேற்பார்வைக்கு ஒரு பொறுப்பான ஆள் தேவைப்பட்டது. என் எதிர் ஃப்ளாட் சேஷாத்ரியைக் கூட்டிக்கொண்டு போனேன். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கடிதம் பிரித்து ரிட்டயரானவர். கிறுக்கல் கையெழுத்தில் பாதி விலாசம் இருந்தாலும் மீதியைச் சொல்லிவிடுவார். இவரைவிடப் பொருத்தமான ஆள் மெட்ராஸில் கிடைப்பாரா... மன்னிக்கவும், சென்னையில்?

இந்த சமயத்தில்தான் மல்லிகா வந்தாள். புள்ளியியலில் எம்.ஃபில். செய்கிற பெண். கையில் ஒரு நோட்டு, பென்சில். லெட்ஜர்களைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினாள்.

'கன்னியம்மா. ஆற்றோரக் குடிசை, பாலத்துக்குக் கீழே, வேப்பமரத்துக்கு எதிரில், மெட்ராஸ்-28.'

"எங்கம்மா சார்" என்றாள்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள் மல்லிகா. அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது அந்தக் குடிசைகளைக் காலி செய்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் அம்மா மயிலாப்பூரில் நாலு வீடுகளில் வேலை பார்த்தவர். சாயந்திரம் திரும்பும்போது நூலகத்தில் ஏறி இறங்குவார். அப்போதிருந்த நூலகர் வந்தவர்கள் எல்லோருக்கும், சொன்ன விலாசத்தை அப்படியே எழுதிக்கொண்டு, புத்தகம் கொடுத்திருக்கிறார். கன்னியம்மா மட்டுமில்லை. பக்கத்தைப் புரட்டப் புரட்ட, 'பாலத்துக்குக் கீழே' வந்துகொண்டே இருந்தது.

ஆற்றோரத்து மக்கள் என்ன படித்தார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளுடைய பேராசிரியரோ, "குடிசையில லைப்ரரி புக்கா? உங்கம்மா கதையெல்லாம் ஆராய்ச்சி ஆகாதும்மா. நம்பர் காட்டு" என்று சிரித்தாராம்.

நம்பருக்குத்தான் வந்திருந்தாள். எந்தப் பகுதிக்காரர்கள், எந்த மாதிரிப் புத்தகத்தை, எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? அறுபது வருஷத்தையும் ஒன்றாகப் போட்டு எண்ண வேண்டும். முதல் லெட்ஜரிலிருந்து வரிசையாக நோட்டில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள்; ஆற்றோரப் பெயர்கள் வரும் லெட்ஜருக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. தூசியில் தும்மிக்கொண்டே எழுதுகிறவளைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஏத்திண்டிருக்கோமே... ஒரு வருஷம் பொறு. ஒரு பட்டனைத் தட்டினா எண்ணிக் குடுத்துடும்" என்றேன்.

அவள் நோட்டை மூடினாள். சொன்னது நான்தான். இதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு வருஷம் பொறுத்தாள். லெட்ஜர் முழுக்க உள்ளே போனதும், கறையான் அரித்த ஒரிஜினல்களைக் கமிட்டி பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டது. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே! நானும் கையைத் தூக்கினேன்.

போன புதன்கிழமை காலையில் தன் புரோகிராமை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு வந்தாள். சேஷாத்ரிக்கு ஒரே பெருமை. ஸ்க்ரீன் மேலிருந்த துணி உறையைத் தானே எடுத்து மடித்து வைத்தார்.

மல்லிகா முதலில் அம்மாவின் பெயரைத் தட்டினாள். இல்லை. கன்னியம்மாள், கன்னியம்மை... இல்லை. 'பாலத்துக்குக் கீழே' என்று தட்டினாள். இல்லை. 'வேப்பமரம்'? அதுவும் இல்லை.

"சார், டைப் பண்ணப்போ விட்டுட்டாங்களா?" என்று சேஷாத்ரியிடம் கேட்டாள்.

"விடறதாவது! ஒரு எழுத்து விடாம ஏத்தினா. அப்புறம் நான் ஒக்காந்துண்டு எல்லாத்தையும் சுத்தம் பண்ணியிருக்கேன், பாரு" என்றார்.

சுத்தம்! அது என்னவென்று அவரே ஆசையாக விளக்கினார். மெட்ராஸை எல்லாம் சென்னையாக்கிவிட்டார். மெட்ராஸ்-4 என்றிருந்ததை ஆறு இலக்கப் பின்கோடாக மாற்றிவிட்டார். தெருப் பெயர்களின் சாதி வாலை நறுக்கிவிட்டார். பழைய கதவு எண் இருந்த இடத்தில் விசாரித்து விசாரித்துப் புது எண் போட்டிருக்கிறார். அறுபது வருஷத்து வாசகர்களும் இன்றைய விலாசத்தில் குடியிருந்தார்கள்.

"இப்போ ஒரு கார்டு போட்டாக்கூட நேரா அவாத்து வாசல்ல போய் விழும்" என்றார்.

"சரி ஓய்... விலாசம் கண்டுபிடிக்க முடியாததை என்ன பண்ணினீர்?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன். பாலத்துக்குக் கீழேன்னா அது ஒரு அட்ரஸா? சும்மா எடுக்கலை ஓய். சைக்கிளை எடுத்துண்டு நானே நேர்ல போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு குடிசை கிடையாது. வேப்பமரமும் கிடையாது. ஆளே இல்லாத எடத்துக்கு என்னத்தை டெலிவரி பண்றது?"

அந்த வெயிலில், அறுபத்தைந்து வயதில், சைக்கிளில் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து அழித்திருக்கிறார்! சோம்பேறியாக இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். இந்த மனுஷரை எப்படித் திட்டுவது?

மல்லிகா எம்.ஃபில். தமிழை மறந்துவிட்டாள்.

"இன்னா சார் சொல்றீங்க? ஆளே இல்லியா? நாங்களா சார் போனோம்? லாரில ஏத்திக்கினு போய் எறக்கி வுட்டாங்க சார்! அதுக்கு முந்தி அங்கதான சார் இருந்தோம்... அந்த எடத்துலதான சார் எங்கம்மா படிச்சிக்கினு இருந்துச்சு!"

சேஷாத்ரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு ஒரு நப்பாசை. திருத்துவதற்கு முன்னால் அடித்தது ஏதாவது ஃப்ளாப்பியில் தனியாக இருக்குமே? கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். ஒரே ஃபைல்தானாம். அதன் மேலேயே திருத்தித் திருத்திச் சேமித்திருக்கிறார். இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் வருமாம்.

அவரைச் சொல்லி என்ன? சுத்தம் செய்யுங்கள் என்று சொன்னது நாங்கள். அழுக்கு எது, விஷயம் எது என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு? எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஒழுங்கான மெம்பர் லிஸ்ட். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வேப்பமரம்.

சேஷாத்ரி ஒரு பேனாவை எடுத்தார். "உங்கம்மா இப்போ இருக்கற அட்ரஸைச் சொல்லும்மா. இப்பவே சேர்த்துடறேன்" என்றார்.

"வேணாம் சார்" என்றாள் மல்லிகா. "எந்தத் தேதியில என்னா புக்கு எடுத்துச்சுன்னு எதைப் பார்த்து எழுதுவீங்க? இப்ப சேர்த்தா அது டேட்டா இல்ல சார். பொய்."

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் புரோகிராமை ஓட்டினாள். பிரின்டர் கர்ரென்று இழுத்து இழுத்துப் பகுதிவாரியாக அடித்துத் தள்ளியது. மயிலாப்பூர், மந்தைவெளி, தேனாம்பேட்டை, திருவான்மியூர்... ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். கடைசி வரி, ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளே ஆசையாக எழுதி வைத்த பகுதி.

அடையாற்றங்கரை: 0.

தாளைக் கிழித்து, ஓட்டை போட்ட ஓரப் பட்டைகளைப் பொறுமையாகப் பிய்த்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எதுக்கும்மா உனக்கு?" என்றேன்.

"தலைப்பை மாத்தணும் சார். புரொஃபசர் காரணம் கேப்பாரு, காட்டணும். எங்கம்மாவை நம்பாதவரு இதை நம்புவாரு."

நம்புவார். எங்கள் நூலகத்தின் முத்திரையோடு வருகிற நம்பராயிற்றே!